ஆறு பேருக்கும் செங்கமாரி

2023 செப்டெம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நலன்புரிச் சங்க மண்டபத்தில், காலை ஒன்பது மணிக்கு இரத்ததான முகாம் தொடங்கியது.

பத்து மணிக்கு அதே மண்டபத்தின் பின்னறையில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு. முகாம் நடப்பதை வகுப்புக்கு எவரும் அறிவித்திருக்கவில்லை.

வகுப்பில் ஆறு பேர். மூத்தவள் ரூபிகா, பதினெட்டு வயதாகி ஒன்பது நாள். ஆங்கிலம் படிக்க எவரும் வருவதில்லை. ஆறு பேரும் எச்.ஐ.வி.யுடன் பிறந்தவர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே சொல்ல முடியாததைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள வருகிறார்கள்.

குழுவை நடத்துகிறவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த கிளெமென்ற். அவருக்கு இந்தத் தொற்று இல்லை. அவருடைய தம்பிக்கு இருந்தது. உண்மையைச் சொல்லிக் கேட்டபோது மூன்று மண்டபங்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. நான்காவதில் 'ஆங்கிலம்' என்று எழுதிக் கொடுத்தார். அன்றே பின்னறைக் கதவின் திறப்பு கைக்குக் கிடைத்தது.

பின்னறைக்கு முகாம் கட்டில்களின் நடுவால்தான் போக வேண்டும். நடுவில் சங்கத் தலைவர் கதிர்காமநாதன் நின்றார்.

"மாஸ்டர், நல்ல நேரம் வந்தியள். முதல்ல நீங்கள் படுங்கோ. பிறகு உங்கட பிள்ளையளில பதினெட்டு முடிஞ்ச ஆக்கள்."

தான் கொடுத்தால் பிள்ளைகளை விட்டுவிடுவார்கள் என்று கிளெமென்ற் நினைத்தார். படிவத்தை நிரப்பிப் படுத்தார். ஊசி ஏறிய பிறகு அவரால் எழும்ப முடியவில்லை.

ஆறு பேரில் ஒருவனான மிதுஷனின் கையில் கேக் பெட்டி இருந்தது. மூடியின் கண்ணாடித்தாள் வழியாக 18 என்ற எண் தெரிந்தது.

"ஆருக்கடா இது?" என்றார் கதிர்காமநாதன்.

"ரூபிகா அக்காவுக்கு." சொன்ன பிறகுதான் மிதுஷன் நாக்கைக் கடித்தான்.

"அப்ப வா பிள்ளை. எறும்பு கடிச்ச மாதிரித்தான்."

ரூபிகாவிடம் பதில் இருந்தது. பின்னறையில் அவர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் மாமியாகவோ வகுப்பாசிரியையாகவோ இருந்து குடைந்து குடைந்து கேட்பார்; மற்றவர் தப்ப வேண்டும். ஏன் மாதாமாதம் ஆஸ்பத்திரி? ஏன் இந்த மெலிவு? தினமும் விழுங்குவது என்ன குளிசை? எல்லாவற்றுக்கும் பொருந்தும் பதிலைப் போன வருடம் ரூபிகாதான் கண்டுபிடித்தாள்: மஞ்சள் காமாலை, அவர்கள் பேச்சில் செங்கமாரி. ஆறு பேரும் அதைத் தங்கள் தங்கள் வீடுகளில், பள்ளிக்கூடங்களில் சொல்லித் தப்பியிருந்தார்கள்.

தனித்தனியாக.

"எனக்குச் செங்கமாரி வந்தது, அங்கிள். இரத்தம் குடுக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்."

மேசையிலிருந்த மருத்துவர் தலையசைத்தார். அதோடு முடிந்திருக்கும். கதிர்காமநாதன் விடவில்லை.

"பயமெண்டு சொல்லன் பிள்ளை. சும்மா செங்கமாரி மங்கமாரி எண்டு..."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கதிர்காமநாதனுக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

"மற்றவன் தந்தா வாங்குவியள். குடுக்கச் சொன்னா மட்டும் சாட்டு."

ரூபிகா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மிதுஷனால் நிற்க முடியவில்லை.

"அக்கா பொய் சொல்லேல்ல. எனக்கும் வந்தது."

வேண்டாம் என்று கட்டிலிலிருந்து கிளெமென்ற் தலையை ஆட்டினார். எவரும் அவரைப் பார்க்கவில்லை.

"எனக்குந்தான் வந்துச்சு," என்றாள் நிரோஷா. பிறகு மற்ற மூவரும் சொன்னார்கள். நன்றாகப் பழகிய பதில். ஒருவருக்கும் நாக்குத் தடுக்கவில்லை.

சிரிப்பு நின்றது.

கதிர்காமநாதன் சட்டைப் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டினார்.

"ஆறு பேருக்குமோ? இதோடயோ ரெண்டு வருசம் எங்கட கோப்பையில தேத்தண்ணி குடிச்சனீங்கள்?"

வந்து சுகமான செங்கமாரி பக்கத்தில் நிற்பதால் தொற்றாது என்று மருத்துவர் எழுந்து சொன்னார். பாதி தமிழில், பாதி சிங்களத்தில். இரண்டு மொழியிலும் எவருக்கும் கேட்கவில்லை. ஒரு பெண் ரூபிகாவின் அருகில் நின்ற தன் மகளை இழுத்தாள். இழுத்த கையைச் சேலையில் துடைத்தாள்.

மண்டபம் கூட்டும் மயிலம்மாவிடம் பின்னறைக் கோப்பைகளை எறியச் சொன்னார்கள்.

"நான் கழுவி வச்ச கோப்பைங்க ஐயா," என்றாள் அவள்.

"எறி எண்டா எறி," என்றார் கதிர்காமநாதன்.

ஆறும் உடைவது, வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் நின்ற வாசல்வரை கேட்டது.

ஒழுங்கையில், மதில் மேல் ரூபிகா கேக் பெட்டியை வைத்தாள்.

"அந்தச் சொல்லை நாங்கள் சொல்லவேயில்லை. சொல்லாமலே துரத்திப்போட்டாங்கள். இதுக்கோ இவ்வளவு காலம் பொய் பழகினனாங்கள்?"

"மன்னிச்சுக்கொள் அக்கா," என்றான் மிதுஷன்.

"நீ வாயை மூடு."

கத்தி பின்னறையில் இருந்தது. ரூபிகா கேக்கைக் கையால் பிய்த்தாள். பெரிய துண்டை அவனிடம் நீட்டினாள்.

அன்று முகாமில் எழுபத்திரண்டு பேர் இரத்தம் கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கிளெமென்றுக்குச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. முதல் வரியில் அவருடைய இரத்ததானத்துக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். இரண்டாவது வரியில், சுகாதாரம் கருதி வகுப்பு நிறுத்தப்பட்டிருந்தது. மூன்றாவது வரி: மாணவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினால் வகுப்பைத் தொடரலாம்.

கிளெமென்ற் திறப்பைத் திருப்பிக் கொடுத்தார்.