அழித்த நம்பர்

"அழிச்ச நம்பர மறுபடி எடுக்க முடியுமா தம்பி?" பால்ச்சாமி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

பாளையம்பட்டி செல்போன் கடை மாரிச்செல்வம் ஒரு மாதிரியாகச் சிரித்தான். "மதினிக்குத் தெரியாத நம்பரோ?"

"வாய மூடுறா. முடியுமா, முடியாதா?"

"இந்தப் பட்டன் போனுல அழிச்சா அழிச்சதுதாண்ணே."

லோடு வண்டியைத் திருச்சுழி ரோட்டில் விட்டார். மகள் முத்துப்பேச்சி டாக்டர் பட்டம் வாங்கியவள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, குதிரைவாலியை ஆராய்ந்த டாக்டர்.

படித்து முடித்த கையோடு மானாவாரிக் காடுகளில் விதை கொடுத்துக்கொண்டு அலைந்தாள். "அடுத்தவன் காட்டுல களை வெட்டுன குடும்பம்டி இது. டாக்டருக்குப் படிச்சும் காடுதானா?" என்று நச்சரித்து, வடக்கே ஒரு யுனிவர்சிட்டியில் மேல் ஆராய்ச்சி வேலைக்கு எழுதிப் போட வைத்தவர் அவர்தான். மகள் டில்லிப் பக்கம் போகப்போகிறாள் என்று டீக்கடைக்கு டீக்கடை சொல்லியும் வைத்திருந்தார்.

"காட்டுக்குள்ள எனக்கு டவர் கெடைக்காதுப்பா. புரொபசர் பேசுனா ஒங்க நம்பருக்குத்தான் பேசுவாக" என்றிருந்தாள் அவள்.

இன்று காலையில் புரொபசர் பேசியும் விட்டார். ஆனால் இந்தியில். புரொபசர் என்றால் இங்கிலீசில்தான் பேசுவார் என்றிருந்தார் இவர். கார்டு நம்பர் கேட்டு மச்சினனை மொட்டையடித்த கூட்டமென்று நினைத்து, "வேற ஆளப் பாருலே, களவாணிப் பயலே!" என்று வைது, நம்பரையும் அழித்துவிட்டார்.

அழித்த பிறகுதான், அந்த ஆள் நடுவில் 'முட்டுபேச்சி, முட்டுபேச்சி' என்று தடுமாறியது காதில் உறைத்தது.

குதிரைவாலிக் காட்டோரம் வண்டியை நிறுத்தினார். மகள் வரப்பில் நின்று போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். "கவலப்படாதீக அக்கா, அடுத்த வருசம் ஒங்க காட்டுலயும் வெதச்சிருவோம்."

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே வரப்பில் ஏறினார். இதையும் நம் வாயாலேயே அணைக்கப் போகிறோமே!

"தாயீ, அப்பன் ஒன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேன்." நடந்ததைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தியில எவன் பேசுனாலும் நான் வைவேன்னு ஒனக்குத் தெரியாதா? அவுகளுக்குப் போயி என் நம்பரக் குடுத்தியே!"

முத்துப்பேச்சி ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியும்ப்பா. அதான் குடுத்தேன்."