கதை சொல்ற அக்கா

"சேத்தியாத்தோப்பெல்லாம் எறங்கு! யாருப்பா அது, தவளையா? டிக்கெட் எடுத்தியா?"

ஸ்பீக்கரில் கண்டக்டர் அதட்டியதும் மூன்றாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது.

கண்டக்டர், தவளை, கூடையோடு ஏறும் மீன்காரி, மூன்று பேருக்கும் ஒரே பெண்தான் குரல் கொடுத்திருந்தாள்.

செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் தொடக்கப் பள்ளி அது. பழமலைநாதனும் அவன் மனைவி வேல்விழியும் தாங்கள் வெளியிட்ட மூன்று படப் புத்தகங்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வந்திருந்தார்கள். அவன் பேசினான். அவள் பக்கங்களைத் திருப்பிப் படங்களைக் காட்டினாள். பின்னட்டையில் இருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் காட்டினால் கதையைக் கேட்கவும் செய்யலாம்.

கதை முடிந்ததும் பிள்ளைகள் மேசையை மொய்த்துக்கொண்டார்கள்.

ஒருத்தி மட்டும் புத்தகத்தைத் தொடவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கதை சொல்ற அக்கா வரலியா?"

டீச்சர் பழமலைநாதனிடம் குனிந்து சொன்னார். "அன்பரசி சார் இவ. அம்மா பொம்மை கம்பெனிக்குப் போயிட்டு வர ஏழு மணியாயிடும். அதுவரைக்கும் பக்கத்து வூட்டுப் போன்ல இந்தக் கதையத்தான் கேட்டுக்கிட்டு இருப்பாளாம். இன்னைக்கு அவங்க வருவாங்கன்னு பூவெல்லாம் வெச்சிக்கிட்டு வந்திருக்கா."

பழமலைநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

மேசைக்கு அடியில் வேல்விழி அவன் கையை அழுத்தினாள்.

"அவங்களால வர முடியல பாப்பா" என்றான்.

அன்பரசி அவனை நம்பாதவள் போல வேல்விழியிடம் திரும்பினாள். "நீங்க அவங்களப் பாத்திருக்கீங்களா?"

வேல்விழி தலையாட்டினாள்.

"வூட்டுலயும் இப்படித்தான் பேசுவாங்களா? கண்டக்டரு மாரி, தவள மாரி?"

வேல்விழிக்குச் சிரிப்பு வந்தது. ஆமாம் என்று இன்னும் வேகமாகத் தலையாட்டினாள்.

பழமலைநாதன் ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்டினான். சுருட்டியதை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினான்.

அன்பரசி சடையிலிருந்த கனகாம்பரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி மேசைமேல் வைத்தாள்.

"இத அவங்ககிட்ட குடுத்துடுங்க. அன்பரசி கேட்டான்னு சொல்லுங்க. அடுத்த கதை எப்ப சொல்லுவாங்கன்னும் கேளுங்க."

வேல்விழி பூவை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். அந்தப் பெண் வகுப்புக்குள் ஓடி மறையும்வரை கையை விரிக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. லாரியொன்று வெள்ளை மண்ணைச் சிந்திக்கொண்டே போனது.

"நீதான்னு சொல்லியிருக்கலாமில்ல?" என்று பழமலைநாதன் கேட்டான். "எவ்ளோ ஆசையா கேட்டுது அந்தப் பொண்ணு."

வேல்விழி கழுத்தைச் சுற்றியிருந்த பருத்தித் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

போன ஆடி மாதம் புதுச்சேரியில் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்துக் கொடுத்திருந்தார்கள். குரல்வளையை எடுத்தாக வேண்டும், வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் மூன்று நாட்கள் இருந்தன. ஜன்னல்களைப் போர்வையால் மூடி, மின்விசிறியை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து, நாளுக்கு ஒன்றாக மூன்று கதைகளையும் அவள் பேசிப் பதிவுசெய்து முடித்தாள்.

நான்காவது கதை எழுதியாகிவிட்டது. படங்களும் வந்துவிட்டன. அதை யாரை வைத்துப் பதிவுசெய்யலாம் என்று பழமலைநாதன் இரண்டு முறை கேட்டுவிட்டான்.

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதி அவனிடம் நீட்டினாள்.

"அவங்க வருவாங்கன்னு அவ வழி பாத்துக்கிட்டு இருக்கட்டும். நானும் வழி பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."