ஒரு கிண்ணம் காவிரி

காவிரியை வரைய காவிரித் தண்ணீரில்தான் வண்ணம் கரைப்பார் ஓவியர் தில்லைநாயகம். “சோழன் படை கடந்த தண்ணி. எத்தனை ராஜ்ஜியம் இதுல கரைஞ்சு கிடக்கு!” என்பார்.

“ஊரார் அஸ்தியும்தான் கரைஞ்சு கிடக்கு. அதைக் கொண்டாந்து நம்ம வீட்டுச் சுவத்துல மாட்டுறீங்களே!” என்று படத்துக்குப் படம் முகம் சுளிப்பாள் மனைவி குஞ்சம்மாள்.

இன்று அவளைக் கலயத்தில் கொண்டுவந்து படித்துறையில் கரைத்தார்.

“திரும்பிப் பார்க்காம வீட்டுக்குப் போங்க” என்றார் ஐயர்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. துண்டில் முடிந்து வைத்திருந்த வண்ணக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஈர வேட்டி காலைத் தடுக்கத் தடுக்க, ஆறு போகும் திசையிலேயே கரையோரமாக ஓடினார். அடுத்த படித்துறைக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.