மரவட்டையின் ஐந்து நிமிடம்

கொல்லைக் குழாயடியில் ஒரு மரவட்டை இருந்தது. தூசி விழுந்தால்கூடச் சுருண்டுகொள்ளும்; மறுபடி விரிவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். ஒரு நாள் வீட்டுக்கார அம்மா கொல்லையில் பாயை விரித்து யோகா செய்தாள். கடைசியில் கைகாலை நீட்டி ஐந்து நிமிடம் சும்மா கிடந்தாள். அதைப் பார்த்த மரவட்டைக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தனை கால்களும்!

"பல்லியண்ணே, நாளையிலேர்ந்து நானும் யோகா! தினம் அஞ்சே நிமிஷம், நீட்டிப் படுக்கணும், அவ்வளவுதான்!"

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி சுவரிலிருந்து உச்சுக்கொட்டியது. "படுக்கறதெல்லாம் ஒரு யோகாவா? நான் பொறந்ததிலேர்ந்து தலைகீழா நிக்கிறேன், யார்கிட்டயாவது சொன்னேனா? உனக்கு இது ஆகாது. நான் சொன்னா பலிக்கும்."

பலித்துவிடுமோ என்று மரவட்டைக்குப் பயம்தான். ஆனாலும் விடிந்ததும் குழாய்க்குக் கீழே சமமாக இருந்த கல்லில் நீட்டிப் படுத்தது. சொட்டென்று ஒரு துளி முதுகில் விழுந்தது. சுருண்டுகொண்டது. மறுநாளும் அப்படித்தான்.

"முறுக்கு நல்லா வந்திருக்கு!" என்று பல்லி தினமும் சிரித்தது.

ஒன்பதாம் நாள் துளி விழுந்தபோது மரவட்டைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, அவ்வளவுதான். இன்னொரு துளி விழுந்தது. நீட்டிய கால்கள் நீட்டியபடியே இருந்தன.

"அண்ணே! பாருங்கண்ணே! நான் சுருளலையே!"

எட்டிப் பார்த்த பல்லிக்கு அதிர்ச்சியில் வால் கழன்று, தொப்பென்று கீழே விழுந்து துள்ளியது.

"அது கெடக்கு விடு," என்றது பல்லி. "நாளைக்கு எத்தனை மணிக்குப் படுக்கறே? எனக்கும் கொஞ்சம் இடம் போட்டு வை."