கால் மணி நேர டாக்டரம்மா

"ஏனுங்க, அந்தம்மா உள்ள என்னங்க பண்ணுது? ஏரு ஓட்டுதா?"

தேவசிகாமணி கேட்டதும் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஏற்காட்டில் இலவச முகாம். உணவுக்குழாயில் புற்றுநோய் இருக்கிறதா என்று வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். இரண்டு அறை, இரண்டு டாக்டர். முதல் அறையில் ஜெயபிரகாஷ் டாக்டர் ஆளுக்கு இரண்டு நிமிஷத்தில் முடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டாம் அறையில் காயத்ரி டாக்டர், உள்ளே போன ஆளைக் கால் மணி நேரமாகியும் விடவில்லை.

தேவசிகாமணிக்குக் கிடைத்தது இரண்டாம் அறை டோக்கன்.

ஏற்காட்டு ஒண்டிக்கடை ஸ்டாப்பில் அவருக்குப் பஜ்ஜிக் கடை. ஞாயிற்றுக்கிழமை வேறு, டூரிஸ்ட் வண்டிகள் வரும் நேரம். சாதாரணமாக இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார். போன வருஷம் அவருடைய அண்ணன் இதே நோயில் போய்விட்டார். சோறு இறங்கவில்லை என்று அவர் சொன்னபோதே காலம் கடந்திருந்தது. அந்தப் பயம்தான் தேவசிகாமணியைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"கண்ணு, என்னைய மொத ரூமுக்கு மாத்தி உடு" என்றார் நர்ஸ் நந்தினியிடம்.

"இருங்கண்ணா. மேடம் கழுவி, மருந்து தெளிச்சு, நிதானமாப் பார்ப்பாங்க. ஆரம்பத்துல அது கட்டியாத் தெரியாதுங்க. லேசா நிறம் மாறியிருக்கும். அவசரமாப் பார்த்தா கண்ணுலயே படாது."

"வேலை தெரியாதவங்கதான் கண்ணு தடவிட்டு இருப்பாங்க. அங்க பாரு, அவரு கைராசிக்காரரு."

நந்தினி டோக்கனை மாற்றிக் கொடுத்தாள்.

தொண்டைக்கு ஸ்ப்ரே. குழாய் உள்ளே. குழாய் வெளியே.

"க்ளீனா இருக்குதுங்க. ஒண்ணுமில்ல. ரெண்டு மணிக்கு வந்து ரிப்போர்ட் வாங்கிக்குங்க. அடுத்தது!"

தேவசிகாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடைக்குப் போய், வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

"டாக்டருன்னா அவருதானுங்க டாக்டரு. அந்தம்மாகிட்ட மாட்டியிருந்தா இன்னும் வாயப் பொளந்துட்டுப் படுத்திருப்பேன்."

இரண்டு மணிக்கு முகாமுக்கு வந்து, ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். முதல் அறை காலி. இரண்டாம் அறை வாசலில் இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். வரிசையின் கடைசியில், கோட்டைக் கழற்றி மடியில் போட்டபடி ஜெயபிரகாஷ் டாக்டர். பக்கத்தில் வயதான ஒருவர். டாக்டர் கையில் டோக்கன்.

"ஏனுங்க சார், நீங்க இங்க உக்காந்திருக்கறீங்க? உங்க ரூமு சும்மாத்தானுங்களே கெடக்குது?"

டாக்டருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

"அப்பாவுக்குங்க" என்றார் குரலைத் தாழ்த்தி. "கொஞ்சம் நல்லாப் பார்க்கோணுமல்லங்க."