பாத்திரம்

மேடையில் ராஜா சாக வேண்டும். விஷக் கோப்பையைக் காணோம்.

கோப்பை என் மகள் பொறுப்பு. அது எனக்கே அரை மணி நேரத்துக்கு முன்புதான் தெரியும்.

"நாடகத்துல பாத்திரமெல்லாம் என் பொறுப்புப்பா" என்று போன வாரம் போனில் சொன்னாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். தெரு முழுக்கச் சொல்லியும் விட்டேன்.

ஆற்றங்கரையில் அஞ்சு மாடிக் கண்ணாடிக் கட்டடம். உள்ளே மூன்று அரங்கு. எங்கள் அரங்கைக் கண்டுபிடிப்பதற்குள் நகரும் படியில் இரண்டு தடவை ஏறி இறங்கினோம். வாசலில் பையைச் சோதித்தார்கள். மச்சினன் வெந்நீர் பிளாஸ்க்கைச் சட்டைக்குள் ஒளித்தான்.

"தண்ணிகூடக் கூடாதுன்னு எழுதியிருக்கு. மானத்தை வாங்காதே."

"தொண்டை சரியில்ல மாமா. உள்ள உக்காந்து இருமினாலும் உங்க மானம்தான் போகும்."

முன்வரிசை. காலை நீட்டினால் மேடை. வாசலில் கொடுத்த நாடகத் தாளை மச்சினன் படித்தான்.

"மாமா, நம்ம பொண்ணு பேரு கடைசியில இருக்கு. 'மேடைச் சாமான்கள்'னு. அவ சொன்ன பாத்திரம், சட்டி பானை." குலுங்கிச் சிரித்தான். "வீட்ல ஒரு தம்ளரை எடுத்து வெச்சிருப்பாளா? அவளுக்குப் போய் இந்த வேலை."

விலாவில் ஒரு குத்து விட்டேன்.

இப்போது ராஜா மேசையைத் தடவுகிறார்.

"எங்கே அந்த விஷம்?"

மறுபடியும் கேட்டார். பின்வரிசையில் சிரிப்பு. மேடை ஓரத்தில், கறுப்பு உடையில், என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வேலைக்குச் சேர்ந்து முதல் நாடகம். சீட்டுக் கிழிந்தது.

இந்தப் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார். "யார் சார் அந்தப் பொண்ணு? முன்னாடி உங்களைப் பார்த்துக் கையசைச்சுதே?"

"தெரியாது."

அந்தப் பக்கம் மச்சினன் எழுந்தான். பிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றினான். மேடை விளிம்புக்குப் போய், குனிந்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

"தாமதத்துக்கு மன்னிக்கணும் ராஜா. சூடா இருக்கு, பார்த்துக் குடிங்க."

ராஜா வாங்கிக் குடித்தார். நாக்குச் சுட்டதோ என்னவோ, சாவு தத்ரூபமாக இருந்தது. அரங்கு அதிரக் கைதட்டல். ஓரத்தில் டைரக்டர் சிரித்தபடி என் மகள் தோளைத் தட்டினார்.

மச்சினன் வந்து உட்கார்ந்தான்.

நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்தார். "பிரமாதம் சார். நீங்க இந்த நாடகத்துல யாரு?"

"நாடகத்துல யாருமில்லீங்க" என்றான். "அந்தப் பொண்ணுக்குத் தாய்மாமன்."