துண்டுக்கடியில்

அடிமை கூடாது என்ற வடகரையும், அடிமை இல்லாமல் அடுப்பெரியாது என்ற தென்கரையும் போரைத் தவிர்க்கத் தென்கரை மாட்டுச்சந்தையில் கூடின. மாடு விற்றாலும் நாடு விற்றாலும் அங்கே வழக்கம் ஒன்றுதான். தலைவர்கள் இருவரும் கைகளைத் துண்டால் மூடி, விரல் பிடித்துப் பேரம் பேசினார்கள். அதே சந்தையில் ஒருமுறை விலைபோன பூவாயி, மகள் செவந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெற்றிலைத் தட்டோடு நின்றாள்.

"சுமுகமா முடிஞ்சுது," என்று வடகரைத் தலைவர் சிரித்தார். "இனிமே சண்டையில்ல."

"என்ன விலைக்குங்க சாமி?" என்று பூவாயி கேட்டாள்.

"உனக்கென்னடி? நாளையிலேர்ந்து நீ அடிமையில்ல."

"எம்மவ?"

அவர் வெற்றிலையைப் பார்த்தார். பூவாயி தட்டை வீசிவிட்டு, கைகளின் மேல் இன்னும் கிடந்த துண்டைப் பிடுங்கினாள். வடகரைத் தலைவருடைய சுண்டுவிரல் தென்கரைத் தலைவரின் பிடிக்குள் இருந்தது. சந்தையில் சுண்டுவிரல் என்றால் கன்று. தாயை அவிழ்த்துவிடுகிறேன், கன்று எனக்கு. விடுதலைக்காகச் சாகத் துப்பாக்கி தூக்கி வந்திருந்த வடகரை வீரர்கள் அந்த விரலையே பார்த்தார்கள்.

"துண்டக் குடுடி, நாயே!" என்று தென்கரைக்காரர் கத்தினார்.

"விலை பேசுனது போதும்யா!"

செவந்தியை முதுகில் போட்டு, அந்தத் துண்டாலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டு, பூவாயி சந்தையை ஒட்டிய ஆற்றில் வடகரையை நோக்கி இறங்கினாள். இடுப்பளவு தண்ணீருக்கு அவள் வந்தபோது, பின்னால் சந்தையில் முதல் வெடிச்சத்தம் கேட்டது. யார் சுட்டது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.